தடைக்காலத்தில் முட்டி ஆபரேஷன்: ஜூன் 15-ல் படகேற முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 24. ஊர் பாம்பன் பக்கம். ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். பொங்கலுக்கு ஊரில் நடந்த கபடியில் பாடிவிட்டுத் திரும்பும்போது ஒருவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. வலது முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் வீங்கி, மடக்கவே முடியவில்லை. நாட்டு வைத்தியரிடம் மூன்று வாரம் கட்டுப் போட்டேன். வீக்கம் வற்றிவிட்டது. தரையில் நடந்தால் ஒன்றும் தெரியவில்லை. படகு ஆடும்போது, மடி வலை இழுக்கும்போது திரும்பினால் முட்டி விலகுகிறது. இரண்டு தடவை விழப் பார்த்தேன். ஸ்கேனில் ஏ.சி.எல். (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) முழுவதும் அறுந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸின் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) பின்பகுதியிலும் கிழிசல் என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் கட்டாயமா? இன்னும் இரண்டு வாரத்தில், ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் செய்துகொண்டால், ஜூன் 15-ல் கடலுக்குப் போய்விடலாமா? ஓனரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். தொடையிலிருந்து நரம்பை எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். மறுபடியும் கபடி ஆட முடியுமா?

பதில்: தம்பி, தேதிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜூன் 15-ல் படகேற முடியாது. ஏப்ரல் 16-ல் ஆபரேஷன் நடந்தால், தடை முடிந்து படகுகள் கிளம்பும் அன்று உங்களுக்கு எட்டரை வாரம்தான் ஆகியிருக்கும். அறுந்த ஏ.சி.எல்.-க்குப் பதிலாக முட்டிக்குள் புதிதாக வைக்கும் நாண் மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய 6-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரை. கொடுமை என்னவென்றால், வலி போய், வீக்கம் வற்றி, ‘கால் சரியாகிவிட்டது’ என்று நமக்குத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான். இருக்கும் 365 நாளில் படகேறக் கூடாத நாளைத் தேடினால், நீங்கள் குறித்திருக்கும் நாள்தான் வந்து நிற்கும்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் பொறுத்திருப்பது எளிது. தொடையிலிருந்து வெட்டி எடுத்த தசைநாணுக்கு ரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. முட்டிக்குள் வைத்த பிறகு அதிலிருக்கும் செல்கள் பெரும்பாலும் செத்துவிடும். சுற்றியுள்ள திசுவிலிருந்து புது ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைந்து, பழைய நாரைக் கரைத்துப் புது நாரை அடுக்கும். கரைக்கும் வேலை முந்திக்கொள்ளும், அடுக்கும் வேலை பின்தங்கும். அந்த இடைவெளிதான் மேலே சொன்ன வாரங்கள். எலும்பில் போட்ட துளைக்குள் நாண் ஒட்டிக்கொள்ளவும் 8 முதல் 12 வாரம் வேண்டும். அதுவரை அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு திருகும் ஒரு சின்ன உலோகப் பட்டனும் மட்டும்தான். முழுதாக முற்றி உறுதிப்பட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். மாத்திரை, எண்ணெய், கஷாயம் எதனாலும் இதை வேகப்படுத்த முடியாது.

ஆனாலும் தடைக்காலத்தில் செய்துகொள்வது நல்ல யோசனைதான். ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மாதம் எப்படியும் வேலைக்குப் போக முடியாது. எல்லாப் படகும் கரையில் நிற்கும் நாளில் அதைக் கழித்துவிட்டால் அவ்வளவுக்கு நஷ்டம் குறையும். தொடங்கும் தேதி சரி, திரும்பும் தேதிதான் தப்பு. ஓனரிடம் ஜூன் என்று சொல்லிவிட்டு அப்புறம் இழுத்தடிக்காமல், ஜனவரி என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஜனவரி ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஆபரேஷன் கட்டாயமா?

ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பிரிவுக்கு உடற்பயிற்சி, முட்டி நிலைக்காவிட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு வருஷம் கழித்து இரு பிரிவினரின் முட்டி நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதுவரை ஆபரேஷனே செய்துகொள்ளவில்லை. மேசை வேலை பார்ப்பவர், நேராக நடப்பது, சைக்கிள் ஓட்டுவதோடு நிற்பவர் என்றால் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

உங்கள் நிலைமை வேறு. ஆடும் பலகையில், ஈரத்தில், சுமையோடு திரும்பும் வேலை. ஏற்கெனவே முட்டி விலகுகிறது. மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது. தொடை எலும்புக்குக் கீழே இருக்கும் கால் எலும்பு முன்னால் சரியாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பதுதான் ஏ.சி.எல்.-இன் வேலை. அது இல்லாதபோது ஒவ்வொரு தடவை முட்டி விலகும்போதும் இரண்டு எலும்புக்கும் நடுவில் மாட்டி நசுங்குவது அந்த மெனிஸ்கஸின் பின்பகுதிதான். இன்றைக்குத் தைத்துக் காப்பாற்றக்கூடிய கிழிசல், இன்னும் நான்கு தடவை விலகினால் வெட்டி எடுக்க வேண்டியதாக ஆகலாம். மெனிஸ்கஸை இழந்த முட்டி நாற்பது வயதிலேயே தேய்மானத்துக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே உங்களுக்கு ஆபரேஷன் வேண்டும் என்பதுதான் என் கருத்து.

நாட்டுக் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வீக்கம் வற்றியது கட்டினால் அல்ல. உள்ளே கசிந்த ரத்தம் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே உறிஞ்சப்பட்டுவிடும். அறுந்த ஏ.சி.எல். பெரும்பாலும் ஒட்டாது, மூட்டுத் திரவம் அங்கே ரத்தக்கட்டி உறையவே விடுவதில்லை. மூன்று வாரக் கட்டு செய்த ஒரே காரியம் தொடைத் தசையை மெலிய வைத்தது. நீங்களே அளந்து பாருங்கள். முட்டிச்சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே பேனாவால் குறி வைத்து, தையல் டேப்பால் இரண்டு தொடையையும் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு செ.மீ. குறைந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

இந்த இரண்டு வாரம்

கடலுக்குப் போகாதீர்கள். கடைசி நாலைந்து தங்கலுக்கு (கடல் நடைக்கு) ஆசைப்பட்டு மெனிஸ்கஸைப் பறிகொடுப்பது நஷ்டக் கணக்கு. மருந்துக்கடையில் விற்கும் துணி உறை முட்டிக்கு வெதுவெதுப்புத் தரும், திருகலைத் தடுக்காது. முட்டி திடீரென்று பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவே வராவிட்டால், ஏப்ரல் 15 வரை காத்திருக்க வேண்டாம். கிழிந்த துண்டு நடுவில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பு முட்டி முழுதாக நீள வேண்டும், வீக்கம் இருக்கக் கூடாது, தொடைத் தசை வேலை செய்ய வேண்டும். விறைத்த முட்டியில் ஆபரேஷன் செய்தால் அதைவிட விறைத்த முட்டிதான் மிஞ்சும். நீள்கிறதா என்று பார்க்க, கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். யாரையாவது பின்னால் நின்று இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செ.மீ. உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவு. குறைந்தால், மல்லாந்து படுத்துக் குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முட்டிக்கு அடியில் காற்றாட விட்டு, பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு நான்கு வேளை கிடக்க வேண்டும். நீட்டிய காலைத் தொய்யாமல் 20 தடவை தூக்க முடிகிறவரை தொடைப் பயிற்சி.

இன்னொரு வேலை இருக்கிறது, இதைப் பலர் செய்வதில்லை. நல்ல காலான இடது காலின் அளவுகளை இப்போதே எழுதி வையுங்கள்: சாதாரண நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எத்தனை தடவை எழ முடிகிறது, ஒற்றைக் காலால் ஒரு தாவில் எவ்வளவு தூரம். ஆபரேஷனுக்குப் பின் இரண்டு காலுமே சோம்பிப்போகும். ஏழு மாதம் கழித்து மெலிந்த இடது காலோடு வலது காலை ஒப்பிட்டு ‘90 சதவீதம் வந்துவிட்டது’ என்று ஏமாறாமல் இருக்க இந்தச் சீட்டு உதவும்.

பீடி, சிகரெட் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். புகை, நாண் எலும்போடு ஒட்டுவதைக் கெடுக்கும். காயமும் சீக்கிரம் ஆறாது.

அம்மாவின் பயம்

எடுப்பது உணர்ச்சி தரும் நரம்பு அல்ல; தசையின் நுனியில் இருக்கும் நாண். தொடையின் பின்பக்கத் தசைகளில் ஒன்றிரண்டின் நாணை, முட்டிக்குக் கீழே உள்பக்கம் மூன்று நான்கு செ.மீ. கீறல் வழியாக உருவி எடுப்பார்கள். அதை மடித்து நான்கு இழையாக்கித் தைப்பார்கள். மற்ற தசைகள் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். முட்டியை நன்றாக மடக்கிய நிலையில் இழுக்கும் பலம் கொஞ்சம் குறையும், நடக்கவோ எழவோ தடை இருக்காது. கீறலுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போகலாம். அங்கே ஓடும் மெல்லிய தோல் நரம்பு அடிபடுவதால் வருவது அது. மாதங்கள் போகப் போகச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் அப்படியே நிற்கும். கால் விளங்காமல் போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேறு இடத்திலிருந்தும் நாண் எடுக்கலாம். முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் நாணின் நடுப்பகுதியை 10 மி.மீ. அகலத்தில், இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது ஒரு முறை. எலும்போடு எலும்பு ஒட்டுவதால் சீக்கிரம் பிடிக்கும். இளம் ஆட்டக்காரர்களுக்கு மறுபடி அறுவதும் சற்றுக் குறைவு. ஆனால் முட்டிபோடும்போது முன்பக்கம் வலிக்கும். கோயிலிலோ தொழுகையிலோ மாதாகோயிலிலோ முட்டிபோடுபவர், படகில் முட்டி ஊன்றி வேலை செய்பவர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கணுக்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நாணையும் இப்போது நிறைய எடுக்கிறார்கள். ஆடும் படகில் கணுக்கால்தான் நிலையைக் காப்பது என்பதால், உங்கள் தொழிலுக்கு அதை நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். தொடை நாணே போதும். அதன் தடிமன் 8 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைவிட மெலிந்தால் உங்கள் வயதில் மறுபடி அறும் வாய்ப்பு கூடும். மெலிந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

ஆபரேஷன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்க வைத்து, நுண்துளை வழியாக நடக்கும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். அடுத்த நாளே வாக்கரோடு நிற்க வைப்பார்கள். வீட்டுக்கு வருமுன் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: மெனிஸ்கஸைத் தைத்தீர்களா, வெட்டி எடுத்தீர்களா? தைத்திருந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் முழு எடையை ஊன்றக் கூடாது, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. வெட்டி எடுத்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் நாளே நடந்தார் என்று கேட்டு நீங்களும் நடந்தால் தையல் போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை இடம் உண்டு. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஒப்புதல் ஆபரேஷனுக்கு முன்பே வந்தாக வேண்டும், பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் இந்த வாரமே உட்காருங்கள். திருகு, பட்டன் விலையும் அந்த ஒப்புதலுக்குள் அடங்குமா, தனியாகக் கேட்பார்களா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு வாரம்

இந்தக் காலத்தில் அதிகம் கெடுப்பது ஒரு தலையணை. வலிக்கு இதமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். முட்டி பாதி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். அப்புறம் நீட்ட முடியாமல் காலம் முழுக்க நொண்டி நடக்க வேண்டிவரும், சிலருக்கு முட்டிக்குள் தழும்புக் கட்டி வளர்ந்து இன்னொரு ஆபரேஷன்கூடத் தேவைப்படும். தலையணை எப்போதும் குதிகாலுக்கு அடியில்தான். இரண்டு வாரத்துக்குள் முட்டி முழுதாக நீள வேண்டும், 90 டிகிரி மடங்க வேண்டும். இந்த இரண்டில் நீளுவதுதான் அவசரம்; மடங்குவது பின்னாலும் வரும்.

தொடைத் தசையை எழுப்புவது அடுத்தது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியின் பின்பக்கத்தால் பாயை அழுத்துங்கள். முட்டிச்சில்லு தொடைப் பக்கம் மேலேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும். முதல் நாள் தசை துடிக்காது, மூளை அதை மறந்தது போல இருக்கும். இடது தொடையையும் சேர்த்து இறுக்கினால் வலதும் மெல்லக் கிளம்பும். கூடவே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க.

ஐஸுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் ஐஸ் கம்பெனிக் கட்டியை அப்படியே தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். மரத்த இடத்தில் அது தெரியக்கூடத் தெரியாது. நொறுக்கிய ஐஸைக் கசியாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈரத் துண்டில் சுற்றி, 15 நிமிஷம் வையுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை. மீன் கிடந்த ஐஸ் காயத்துப் பக்கமே வரக் கூடாது.

ஊன்றுகோலோடு மணலில் நடக்காதீர்கள். ரப்பர் நுனி ஒரு பக்கம் புதையும், உடம்பு எந்தக் காலில் சாயும் என்று சொல்ல முடியாது. வாசல் மணலாக இருந்தால் கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும், தெருச் சிமெண்டு வரைக்கும் பலகை போட்டு வையுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். நொண்டாமல் நடக்க வந்த பிறகுதான் ஊன்றுகோலை விட வேண்டும். தேதி பார்த்து விடக் கூடாது. குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் மேலே வைக்கும் கமோட் ஸ்டூல் ஒன்று வாங்கிவிடுங்கள். மெனிஸ்கஸ் தைத்திருந்தால் நான்கு மாதம் குந்தவும் சம்மணம் போடவும் கூடாது.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். காயம் முழுதாக மூடிப் பொருக்கு உதிரும்வரை கடலில் இறங்கக் கூடாது. குறைந்தது ஒரு மாதம். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று யாராவது சொல்லுவார்கள், கேட்காதீர்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்று கடற்கரையிலேயே மீனை நிறுத்தும் வீடுகள் இருக்கின்றன. தசை ஏற வேண்டிய நேரத்தில் புரதத்தை நிறுத்துவது தலைகீழ் வைத்தியம். 65 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். இரு வேளை மீன், இரண்டு முட்டை, பருப்பு, பால் என்று கூட்டினால் கணக்கு வந்துவிடும்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் குனியும்போதோ சாக்ஸ் மாட்டும்போதோ தொடையின் பின்னால் ‘பட்’ என்று ஒரு வலி வரலாம். பின்னால் கன்றிப்போகும். நாண் எடுத்த இடத்தில் ஆறிக்கொண்டிருந்த தசை இழுபட்டதுதான் அது, புது ஏ.சி.எல். அல்ல. ஒரு வாரம் அடங்கி இருந்தால் போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் எடை கட்டிக் குதிகாலைப் பின்னால் இழுக்கும் பயிற்சி கூடாது என்கிறோம்.

ஆனால் இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: 100.4-க்கு மேல் காய்ச்சலோடு கூடிக்கொண்டே போகும் முட்டி வலி, காயத்தில் சீழ், கெண்டைக்கால் வீங்கிக் கல்லாக இறுகுவது, திடீர் மூச்சுத் திணறல். மூட்டுக்குள் கிருமி பிடித்தால் மணிக்கணக்கில் குருத்தெலும்பு அரிக்கப்படும். அன்றைக்கே கழுவ வேண்டும். கெண்டைக்கால் வீங்கியிருக்கும்போது எண்ணெய் போட்டு உருவினால் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. முட்டி மடங்கவில்லை என்று யாரிடமும் போய் வலுக்கட்டாயமாக மடக்கிக்கொள்வதும் வேண்டாம்.

பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பிசியோவுக்கு வந்துபோக முடியாது என்று தெரியும். வாரம் ஒரு தடவை வந்தால் போதும், மீதி நாள் வீட்டில் செய்தால். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்டைப் பற்றி விசாரியுங்கள். வீட்டுக்கே வருவது அந்தத் திட்டத்தில் உண்டு.

பயிற்சி அளவுக்கு மீறிப்போகிறதா என்று முட்டியே சொல்லும். காலை நீட்டிப் படுத்து, முட்டிச்சில்லின் உள்பக்கப் பள்ளத்தை உள்ளங்கையால் தொடைப் பக்கம் இரண்டு மூன்று தடவை மேலே வழித்து விடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை வழியுங்கள். உள்பக்கப் பள்ளம் அலை மாதிரி மெல்ல நிரம்பினால் உள்ளே நீர் இருக்கிறது. நேற்றைவிட அதிகம் என்றால் இன்றைய பயிற்சி பாதி.

தடை முடிந்த பிறகு

6-வது வாரத்திலிருந்து 12 வரை: உயர்ந்த சீட் வைத்த சைக்கிள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 15 செ.மீ. படியில் மெதுவாக இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. ஓட்டம் இல்லை, தாவல் இல்லை, படகும் இல்லை. வலது முட்டி என்பதால் பைக் பிரேக்கை அவசரத்தில் மிதிக்கும் தெம்பு வருமுன் வண்டி வேண்டாம், பொதுவாக ஆறு வாரமாவது ஆகும். கிக்கர் உதைப்பது இன்னும் பல மாதம் தள்ளி. வள்ளத்திலிருந்து விசைப்படகுக்குத் தாவி ஏறுவதும் இந்த வாரங்களில்தான் பலரைக் கவிழ்க்கும். ‘சும்மா படகைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று போகாதீர்கள்.

நாலாவது மாதத்தில், வீக்கம் இல்லாமல், தொடைப் பலம் மற்றக் காலில் 70 சதவீதமாவது வந்திருந்தால் மெதுவோட்டம் தொடங்கலாம். ஆகஸ்டு வாக்கில் கரை வேலை பார்க்கலாம்: நாற்காலியில் உட்கார்ந்து வலை பின்னுவது, மீன் தரம் பிரிப்பது. ஐந்தாவது மாதம் இரண்டு காலால் தாவி இறங்குவது, ஆறாவது மாதம் ஒற்றைக் கால், பிறகு திரும்புவது, வெட்டி ஓடுவது.

ஆறு ஏழு மாதம் என்பது அக்டோபர், நவம்பர். வாடைக் காற்றில் பாக் நீரிணை குமுறும் காலம். உடம்பு தயாரென்று தோன்றினாலும் அந்த அலையில் முதல் தடவை ஏறுவது சரியல்ல. ஜனவரி நடுவில் ஒன்பது மாதம் முடிகிறது, கடலும் அடங்கத் தொடங்கும். ஓனரிடம் ஜனவரி என்று சொல்லச் சொன்னது இதற்காகத்தான். அதுவும் தேதி வந்துவிட்டதென்று அல்ல, முட்டி இவற்றைச் செய்து காட்டினால்: ஒற்றைக் காலில் கண்ணை மூடி 30 வினாடி, நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எழுவதும் ஒற்றைக் கால் தாவலும் நீங்கள் எழுதி வைத்த இடது கால் அளவில் 90 சதவீதம், 20 செ.மீ. படியில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் இருப்பது. கடைசியதை முன்னால் இருந்து செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். தாவும் தூரம் மட்டும் போதாது. இடுப்பும் கணுக்காலும் முட்டியின் குறையை மறைத்துவிடும். அதனால் தொடைப் பலத்தைத் தனியே அளந்துகொள்ளுங்கள். பிறகு 25 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள், மறுநாள் காலையில் நீர் கோக்கவில்லை என்றால் படகேறலாம். முதல் மாதம் வலை இழுக்கும் வின்ச் பக்கமும் வலைப் பலகை தூக்கும் இடமும் வேண்டாம். தரம் பிரிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

கபடி ஆடலாம். ஆனால் வரும் பொங்கலுக்கு ஒன்பது மாதம்தான் ஆகியிருக்கும். அப்போது பார்வையாளராகப் போங்கள். 2016-ல் வெளிவந்த ஒரு நார்வே-அமெரிக்க ஆய்வில், திருகி ஆடும் ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம் ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில், 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த முட்டியிலோ மற்ற முட்டியிலோ மறுபடி அறுந்திருந்தது. உங்கள் வயது அந்தக் கணக்குக்குள் வருகிறது. கபடியில் கணுக்கால் பிடி விழும்போது உடம்பு திரும்புவதை நாம் தீர்மானிப்பதில்லை, பிடிப்பவர் தீர்மானிக்கிறார். ஆகவே உங்களுக்கு நான் ஒரு வருஷம் என்றுதான் சொல்வேன். அடுத்த கோடையில் முதல் நான்கு வாரம் பிடி இல்லாமல் பாடிவிட்டு வருவது மட்டும். அது வீக்கமில்லாமல் போனால் பயிற்சியில் ஒருவர் பிடி, பிறகு முழு ஆட்டம். அதுவும் மண் தரையில் தொடங்குங்கள். ஷூ போட்டு மேட் விரிப்பில் ஆடினால் பாதம் ஒட்டிக்கொண்டு நிற்கும், திருகல் அப்படியே முட்டிக்கு ஏறும்.